ஏகாதசி இருந்த சிறுத்தை

எங்கள் வீட்டுச் சிறுத்தை ஏகாதசியன்று பட்டினி இருக்கும். இன்று இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். அன்றைக்கு ஸ்ரீரங்கத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை, கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். துவாதசி காலையில் பாரணை முடித்த கையோடு, அது தயிர்சாதம் சாப்பிடுவதைப் பார்க்க எங்கள் கொல்லையில் கூட்டம் கூடிவிடும். நானும் பெருமையாகத்தான் பக்கத்தில் நின்றேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் மற்றவர்களைத் திட்டும்போது, இவள் தன்னை மட்டும் விட்டுவிட்டாளே என்று யாரும் நினைக்கக் கூடாது.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷங்களுக்கு முன்பு நடந்தது இது. என் கணவர் திருச்சி கோர்ட்டில் வக்கீல். உத்தரவீதியில் குடியிருந்தோம். வாசல் ஒரு தெருவில், கொல்லைக் கதவு ஒரு சந்தில் என்று நீண்டு கிடந்த வீடு. அதில் நாங்கள் இரண்டே பேர். பச்சைமலைப் பக்கம் மரக் கான்டிராக்ட் எடுத்திருந்த கட்சிக்காரர் ஒருவருக்கு ஏதோ நிலத் தகராறில் என் கணவர் ஜெயித்துக் கொடுத்தார். அந்த மனிதர் சந்தோஷத்தில் ஒரு பிரம்புக் கூடையைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தார். உள்ளே பூனைக்குட்டி அளவில் ஒன்று படுத்திருந்தது. கண் திறந்து சில நாட்கள்தான் ஆகியிருக்கும். புள்ளிகூட இன்னும் சரியாகத் தெளியவில்லை. தாயைச் சுட்டுவிட்டார்களாம். வழியில் வண்டி மக்கர் செய்ததைச் சொல்வதுபோல அதையும் சொன்னார்.

"நீங்க எப்படி வேணா வளத்துக்குங்க. இனிமே இது உங்களோடது" என்றார்.

என் கணவர் அதைக் கையில் எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். "கண்ணு எப்படி இருக்கு பாரேன்! இப்படி ஒரு கண்ணை நான் பார்த்ததே இல்லை" என்று என்னைக் கூப்பிட்டார். நானும் போய்ப் பார்த்தேன். உண்மைதான். சாம்பலும் நீலமுமாக, எங்களையே பார்த்துக்கொண்டிருந்த கண்.

கொல்லையில் அப்போது ஒரு கறவை மாடு இருந்தது. கூடை வீட்டுக்குள் வந்த அன்று சாயங்காலமே அது பால் இறக்கவில்லை. வைக்கோலைத் தொடவில்லை. முளைக்குச்சியைச் சுற்றிச் சுற்றி வந்து கழுத்துக் கயிற்றை இழுத்தது. மூன்றாம் நாள் மாட்டை லால்குடியில் ஓர் உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பாலை வெளியில் வாங்க ஆரம்பித்தோம். வந்திருப்பது இன்னதென்று எங்கள் வீட்டில் சரியாகப் புரிந்துகொண்ட ஒரே ஜீவன் அந்த மாடுதான்.

எனக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. அதனால்தான் சிறுத்தைக்குட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள் என்று தெருவில் பேசினார்கள். எனக்கு அப்போதே எரிச்சலாக இருந்தது, இப்போதும்தான். பசியில் கத்தும் ஒன்றுக்குப் பால் கொடுக்க, குழந்தை இல்லாதவளாகத்தான் இருக்க வேண்டுமா என்ன? கல்யாணச் சீரோடு வந்த வெள்ளிப் பாலாடை பரணில் கிடந்தது. அதை எடுத்துத் துடைத்துப் பசும்பாலைப் புகட்டினேன். முதல் நாள் பாதி என் புடவையில்தான் போயிற்று. நான்காம் நாள் பாலாடையின் மூக்கைத் தானே கவ்விக்கொண்டது.

ஒரு பெயர் வைக்க என் கணவர் ஆசைப்பட்டார். பெருமாள் பெயரை ஒரு மிருகத்துக்கு வைப்பதா என்று நான் தடுத்தேன். கடைசிவரை அது குட்டிதான். ஆள் உயரத்துக்கு எழுந்து என் தோளில் கால் வைத்த பிறகும் குட்டிதான்.

பாலுக்குப் பிறகு என்ன கொடுப்பது என்று எங்கள் வீட்டில் யாரும் யோசிக்கவே இல்லை. பால் குடிக்கும் குழந்தைக்கு அடுத்தபடியாகப் பருப்பும் நெய்யும் விட்டுக் குழைந்த சாதம், அப்புறம் தயிர்சாதம். வேறு வழியும் உண்டு என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் தெரிவது வேறு, நம் வீட்டில் தளிகை பண்ணும் சமையல்கட்டில் அது நினைவுக்கு வருவது வேறு. குட்டியும் சமர்த்தாகச் சாப்பிட்டது. ஒரு ஆழாக்குச் சாதம், பிறகு அரைப்படி, பிறகு ஒரு படி. கட்டித்தயிர் விட்டு, உப்பில்லாமல் பிசைந்து, பித்தளைத் தாம்பாளத்தில் வைப்பேன். நக்கி நக்கித் தாம்பாளத்தைத் தேய்த்து வைத்ததுபோல ஆக்கிவிடும்.

அதற்கு ஆறு மாதம் இருக்கும்போது ஒரு நாள் மத்தியானம் கொல்லையில் 'கிறீச்' என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் குட்டியின் வாயில் ஓர் அணில். அணில் என்றால் எங்களுக்கு என்ன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ராமர் தடவிக் கொடுத்த முதுகு. என் கையில் விசிறி இருந்தது. அதன் காம்பால் குட்டியை மூக்கில் அடித்தேன், முதுகில் அடித்தேன். வாயைத் திற, வாயைத் திற என்று கத்திக்கொண்டே அடித்தேன். அது ஓடவில்லை. காதுகள் இரண்டையும் பின்னால் மடக்கி, வயிறு தரையில் படப் படுத்துக்கொண்டு அடியை வாங்கியது. அணிலைப் பிடுங்கி எடுத்தேன். செத்துப்போயிருந்தது. குட்டியின் வாயைத் துளசித் தீர்த்தத்தால் கழுவிவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு தடவை எலி, ஒரு தடவை காக்கை. அப்போதும் விசிறிக்காம்பு. நாலாவது தடவை தேவைப்படவில்லை. அதன் முன்காலுக்குப் பக்கத்தில் ஒரு குருவி தத்தித் தத்தி வந்தது. குட்டி குருவியைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, காதை மடக்கிக்கொண்டு படுத்துவிட்டது. குருவி சாவகாசமாக அரிசியைப் பொறுக்கிக்கொண்டு போயிற்று.

சாயங்காலம் கோர்ட்டிலிருந்து வந்த என் கணவரிடம் இதைச் சொன்னதும் அவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. கொல்லைக்குப் போய் அதன் தலையைத் தடவிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "ஹிம்சையே தெரியாம வளர்ந்துடுத்து. பூர்வஜன்ம வாசனை" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அவர் பொய்யான மனிதர் இல்லை. தான் சொன்னதை முதலில் நம்பியவர் அவர்தான்.

ஏகாதசி விஷயம் அப்படித்தான் தொடங்கியது. ஓர் ஏகாதசியன்று அடுப்பு மூட்டாததால் குட்டிக்கும் சாதம் இல்லை, கொஞ்சம் பால் மட்டும் வைத்தேன். மறுநாள் அவர் கோர்ட்டில் யாரிடமோ, "எங்காத்துச் சிறுத்தைகூட நேத்து உபவாசம்" என்று வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த துவாதசிக்கு நாலு பேர் பார்க்க வந்தார்கள். அதற்கடுத்த தடவை நாற்பது பேர். வேடிக்கை அன்றோடு முடிந்தது. பிறகு ஏகாதசியன்று பாலும் கிடையாது, துளசித் தீர்த்தம் மட்டும். குட்டி என் பின்னாலேயே சுற்றும், கையை நக்கும். நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

வந்தவர்களில் ஒரு சப்-இன்ஸ்பெக்டரும் உண்டு. இதையெல்லாம் வீட்டில் வைத்துக்கொள்ள உத்தரவு ஏதும் வேண்டாமா என்று தயங்கிக் கேட்டார். என் கணவருக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி.

"துப்பாக்கிக்கு லைசென்ஸ் உண்டு. சைக்கிளுக்கு முனிசிபாலிட்டி வில்லை உண்டு. நாய்க்குக்கூட வில்லை உண்டு. சிறுத்தைக்கு என்ன உண்டுன்னு சொல்லுங்கோ, இப்பவே வாங்கிடறேன்" என்றார். "காட்டு மிருகம் யாருக்கும் சொந்தமில்லை. அதனால பிடிச்சவனுக்குச் சொந்தம். அவன் எனக்குக் கொடுத்தான், எனக்குச் சொந்தம். இதுதான் சட்டம்."

சப்-இன்ஸ்பெக்டர் காபி குடித்துவிட்டுப் போய்விட்டார். யாருக்கும் சொந்தமில்லாதது எப்படிப் பிடித்தவனுக்குச் சொந்தமாகும் என்று எனக்கு அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை. ஆனால் நானும் அப்போது வாயைத் திறக்கவில்லை. காபியைக் கொண்டுவந்து வைத்ததே நான்தான்.

அந்த வருஷம் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது கொல்லையிலிருந்த ஆட்டுக்கல்லைக் கிணற்றோரமாக நகர்த்தினோம். மறுநாள் காலையில் குட்டி வழக்கம்போல என்னைப் பார்த்து ஓடி வந்தது. நேராக ஆட்டுக்கல்லில் மோதி விழுந்தது. விளையாட்டுப் புத்தி என்று நினைத்தேன். அன்று மாலையும் மோதியது. மறுநாளும் மோதியது. பிறகு அந்தப் பக்கம் வரும்போது மட்டும் மெதுவாக, தரையை மோந்துகொண்டே வந்தது. உச்சி வெயிலில் அதன் கண்மணி பூனைக்குப்போலச் சுருங்க வேண்டும், முன்பெல்லாம் சுருங்கும். இப்போது அகலத் திறந்தபடியே இருந்தது.

பார்க்க வந்தவர்கள் இதையும் கவனித்தார்கள். கவனித்தவர்கள், "என்ன ஒரு நிஷ்டை! எதையுமே பார்க்காத பார்வை" என்று கைகூப்பினார்கள். ஒரு பெரியவர் அதை யோகி என்றே சொன்னார். என் கணவர் அந்த வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டார்.

அது யோகி இல்லை என்று எனக்குச் சொன்னவர், தினமும் என் கணவரைக் காவேரிப் பாலம் தாண்டி கோர்ட்டுக்கு அழைத்துப்போன குதிரைவண்டிக்கார ராவுத்தர். அவருக்குத் திருச்சிக் கோட்டைப் பக்கம் வீடு. அவருடைய குதிரை எங்கள் தெருமுனைக்கு மேல் வராது, அங்கேயே நின்று கனைக்கும். ஒரு நாள் கட்சிக்காரர் கொடுத்த வாழைத்தாரை இறக்கிவைக்கக் கொல்லைச் சந்து வழியாக வந்தவர், குட்டியைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு கையை அதன் முகத்துக்கு நேரே மெள்ள ஆட்டினார்.

"அம்மா, சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. இதுக்குக் கண்ணு போயிக்கிட்டு இருக்கு. என்ன குடுக்குறீங்க?"

"தயிர்சாதம்."

"வேற?"

"பருப்புசாதம். நெய்."

அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டார். "கறி திங்கிற ஜாதிம்மா இது. அல்லா அப்படித்தானே படைச்சிருக்கான். நீங்க சொன்னா நான் வாங்கிட்டு வந்து போட்டுட்டுப் போறேன். நீங்க தொட வேணாம், பாக்கக்கூட வேணாம்."

அவர் போனதும் வாழைத்தார் வைத்த இடத்தைக் கழுவிவிட்டேன். எதற்குக் கழுவினேன் என்று இப்போது கேட்டால் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் கணவரே மாட்டாஸ்பத்திரி டாக்டரை அழைத்துக்கொண்டு வந்தார். வைத்தியத்துக்காக இல்லை. மாமிசமில்லாமல் ஆரோக்கியமாக வளர்ந்திருக்கிறது என்று படித்தவர் ஒருவர் வாயால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். டாக்டர் சின்ன வயதுக்காரர். குட்டியின் இமையைத் தூக்கிப் பார்த்தார். தீக்குச்சி ஒன்றைக் கிழித்துக் கண்ணருகில் கொண்டுபோனார். குட்டி அசையவில்லை. சூடு பட்ட பிறகுதான் முகத்தைத் திருப்பியது.

"எத்தனை மாசமா சாதம் மட்டும் போடுறீங்க?"

"ஒண்ணே கால் வருஷமா. ஒரு நாள் வியாதின்னு படுத்ததில்லை" என்றார் என் கணவர்.

"சார், ஒரு கண்ணு முழுக்கப் போயிடுச்சு. இன்னொண்ணுல ஏதோ கொஞ்சம் இருக்கு. ஏன் இப்படி ஆச்சுன்னு எனக்குச் சரியாச் சொல்லத் தெரியலை. ஆனா மாமிசம் தின்னு வாழ வேண்டிய உடம்பு இது. உடனே குடுக்க ஆரம்பிங்க. போனது திரும்பாது. இருக்கறது நிக்குமான்னு பாக்கலாம்."

என் கணவர் அவருக்குப் பழமும் காபியும் கொடுத்து மரியாதையாக அனுப்பிவைத்தார். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியபோது முகம் இருண்டிருந்தது.

"சின்னப் பையன். நேத்துப் படிச்சுட்டு வந்தவன்" என்றார்.

"ஏன்னா, கண்ணு போயிடுத்துங்கறார். தீக்குச்சிக்கு அது கண்ணைச் சிமிட்டலை, நானும் பார்த்துண்டுதானே இருந்தேன்."

"அதுக்கு? நம்மாத்துக்குள்ள மாமிசம் வரணுங்கறயா? ஊரைக் கூட்டி ஏகாதசி இருக்குன்னு சொல்லியாச்சு. நாளைக்கு நான் எந்த மூஞ்சியோட கோவிலுக்குப் போவேன்?"

"கோவிலுக்குப் போறது நீங்க. கண்ணு போறது அதுக்கு."

நானே மேலும் சொன்னேன். "நம்மால முடியலைன்னா முடியறவா கிட்ட கொடுத்துடலாம். பட்டணத்துல மிருகங்களை வெச்சுப் பார்த்துக்கற இடம் இருக்காமே, அங்கே அனுப்பிடலாம்."

"என்னோடதை நான் ஏன் இன்னொருத்தனுக்குக் கொடுக்கணும்?"

கோர்ட்டில் எவ்வளவோ வாதம் செய்திருக்கிறார். வீட்டில் அவர் வைத்த மிகச் சின்ன வாதம் அதுதான். அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. எனக்கு அன்று வந்த கோபத்தில் தாம்பாளத்தைத் தூக்கிக் கிணற்றில் போட்டிருப்பேன். போடவில்லை. மறுநாள் காலையில் அதே தாம்பாளத்தில் தயிர்சாதம் பிசைந்து வைத்தேன்.

ராவுத்தரிடம் சரி என்று சொல்ல எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. மாசியில் டாக்டர் வந்தார். நான் வாயைத் திறந்தது சித்திரைத் தேர் முடிந்த பிறகு. அந்த இரண்டு மாதமும் கணவருக்குப் பயந்தேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. எனக்கே குமட்டியது. பிறந்ததிலிருந்து நான் தொடாத ஒன்று, எங்கள் வீட்டில் பேச்சுக்குக்கூட வராத ஒன்று. குட்டியின் முகத்தைப் பார்க்கும்போது நாளைக்கே சொல்லிவிடலாம் என்று தோன்றும். சமையலறைக்குள் வந்ததும் மனசு மாறிவிடும். ஏகாதசிப் பட்டினியில் அதற்கு நான் சொன்ன 'நாளைக்கு'தான் இதுவும்.

ராவுத்தர் என் கணவரைக் கோர்ட்டில் விட்டுவிட்டுப் பதினொரு மணிக்கு மறுபடி பாலம் தாண்டி வந்தார். கொல்லைக் கதவைத் தட்டினார். தாமரை இலையில் கட்டிய பொட்டலத்தைப் பிரித்து, குட்டிக்கு முன்னால் வைத்துவிட்டு விலகி நின்றார். நான் புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு கிணற்றடியில் நின்றேன்.

குட்டி தலையைத் தூக்கியது. மூக்கு நடுங்கியது. இரண்டு அடி முன்னால் வந்தது. தின்றுவிடப்போகிறது, பிழைத்துவிடப்போகிறது என்று நினைத்தேன். இலைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. பிறகு நான் நின்ற திசையை நோக்கி முகத்தைத் திருப்பி, காதுகளை மடக்கி, வயிறு தரையில் படப் படுத்துக்கொண்டது.

"ஏன்மா இப்படிப் பண்ணுது?" என்று ராவுத்தர் கேட்டார்.

அது அடிக்காகக் காத்திருந்தது. அவருக்கு எப்படிச் சொல்வேன்? தின்னு, தின்னு என்று கிணற்றடியிலிருந்து கெஞ்சினேன். என் குரலைக் கேட்டதும் இன்னும் ஒடுங்கியது. கடைசியில் மூக்கை மூடியிருந்த தலைப்பை விட்டுவிட்டு, இலைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஒரு துண்டைக் கையில் எடுத்தேன். ஈரமாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது. பாலாடையை வைத்த மாதிரி அதன் உதட்டோரத்தில் வைத்தேன். முதலில் என் விரலை நக்கியது. வெகுநேரம் விரலைத்தான் நக்கியது. அப்புறம் தின்றது. நான் அழுதேன். ராவுத்தர் சந்துப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒன்றுவிட்டு ஒரு நாள் இப்படி நடந்தது. ஒவ்வொரு முறையும் தலைக்கு ஊற்றிக்கொள்வேன், கொல்லையைக் கழுவுவேன். ஒரு மாதத்தில் குட்டியின் மயிர் பளபளக்க ஆரம்பித்தது. கழுத்து தடித்தது. ஒரு நாள் சந்தில் ஆட்டு மந்தை போனபோது அடித்தொண்டையிலிருந்து ஒரு உறுமல் உறுமியது. அதற்கு அப்படி ஒரு குரல் உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். எனக்குப் பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. ஆனால் கண் வரவில்லை. தினமும் காலையில் அதன் முகத்துக்கு நேரே கையை ஆட்டிப் பார்ப்பேன். டாக்டர் சொன்ன அந்தக் கொஞ்சமும், நான் யோசித்துக்கொண்டிருந்த இரண்டு மாதத்தில் போயிருந்தது.

காட்டிக்கொடுத்தது ஒரு காக்கை. குட்டி மிச்சம் வைத்த எலும்பைத் தூக்கிக்கொண்டுபோய், பக்கத்து வீட்டு முற்றத்தில் வடாம் காய்ந்துகொண்டிருந்த துணிமேல் போட்டுவிட்டது. அந்த வீட்டு மாமி போட்ட கூச்சல் வடக்கு வாசல்வரை கேட்டிருக்கும். சாயங்காலம் என் கணவர் வருவதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. அவரைக் கும்பிட்ட அதே மனிதர்கள் அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். கொல்லைக்குப் போனார். குட்டி அவர் காலடிச் சத்தத்தைக் கேட்டு எழுந்து வந்து, வழக்கம்போல அவர் முழங்காலில் தலையைத் தேய்த்தது. அவர் குனிந்து தடவவில்லை. மறுநாளே மரக் கான்டிராக்டருக்கு ஆள் அனுப்பினார்.

"எங்கே அனுப்பறேள்?" என்று கேட்டேன்.

"எங்கேர்ந்து வந்ததோ அங்கேதான். மலையில விட்டுடச் சொல்லியிருக்கேன்."

"கண்ணு தெரியாதுன்னா அதுக்கு! ஒரு குருவியைக்கூடப் பிடிச்சுத் தின்னத் தெரியாது. பிடிச்சா அடி விழும்னுதான் தெரியும்."

"காட்டுல பிறந்தது. காடு பார்த்துக்கும்."

"பட்டணத்துக்கு அனுப்புங்கோ. உங்க கால்ல வேணா விழறேன்."

"அவா வந்து பார்த்துட்டு ஏன் குருடாச்சுன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பூர்வஜன்ம வாசனை, யோகி எல்லாம் ஊருக்கு. உள்ளுக்குள் அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. லாரி கொல்லைச் சந்துக்குள் வராததால் மூங்கில் கூண்டோடு நாலு பேர் வந்தார்கள். அவர்கள் கூப்பிட்டும் குட்டி போகவில்லை. நான் தாம்பாளத்தில் தயிர்சாதத்தைப் பிசைந்து கூண்டுக்குள் வைத்தேன். வாசனை பிடித்துக்கொண்டு தானாக உள்ளே போயிற்று.

இதை எழுதும் இந்த நாளில் சட்டமெல்லாம் வந்துவிட்டது என்கிறார்கள். காட்டு மிருகத்தை இஷ்டத்துக்கு வீட்டில் கட்டிவைக்கக் கூடாதாம். நல்லதுதான். ஆனால் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. என் கணவர் மாதிரி ஒரு வக்கீல் அதிலும் ஒரு சந்து கண்டுபிடிப்பார், என்னை மாதிரி ஒருத்தி அங்கே காபி கொண்டுபோய் வைப்பாள். நாங்கள் கெட்டவர்களாக இருந்திருந்தால் அடித்துத் துரத்தியிருப்போம், அதுவாவது தப்பித்துப் போயிருக்கும். நாங்கள் நல்லவர்கள். எங்களுக்கு நல்லதாகப் பட்டதையெல்லாம் அதற்குச் செய்தோம். அதன் கையில் ஒன்றுமே இல்லை. எங்கள் வீட்டில் சாதம் என்றால் அதற்கும் சாதம், எங்கள் வீட்டில் பட்டினி என்றால் அதற்கும் பட்டினி. சொந்தம் என்று இதைத்தான் சொல்கிறார்கள் என்றால் அந்த வார்த்தையே எனக்கு வேண்டாம்.

அது போன பிறகு வந்த முதல் ஏகாதசியன்று பழைய நண்பர் ஒருவர் வந்திருந்தார். கூடத்தில் பேச்சு சிறுத்தையைப் பற்றி வந்தது. "மலையில விட்டாச்சு. எங்கே இருந்தாலும் இன்னிக்கு உபவாசமாத்தான் இருக்கும்" என்றார் என் கணவர். நண்பர் தலையை ஆட்டினார். நான் உள்ளே இருந்தேன். மறுத்துப் பேசவில்லை.

அதற்கு நாலைந்து நாள் கழித்து ராவுத்தர் கொல்லைக் கதவைத் தட்டினார். மரம் ஏற்றிவந்த லாரிக்காரர்களிடம் விசாரித்திருக்கிறார். கேட்டால் சொல்வேன், வேண்டாம் என்றால் போய்விடுகிறேன் என்றார். சொல்லுங்க என்றேன்.

மலையடிவாரத்தில் இறக்கிவிட்ட நாலாம் நாளே எல்லாம் முடிந்துவிட்டதாம். அந்த ஏகாதசிக்கு முன்பே. காலை வேளையில் ஒரு வீட்டு வாசலில் ஒரு பெண் தயிர் கடைந்துகொண்டிருந்தாள். மத்துச் சத்தத்தைக் கேட்டோ, வாசனை பிடித்தோ, வேலியில் முட்டி முட்டி வழி கண்டுபிடித்து அது வந்திருக்கிறது. நேராகத் தயிர்ப்பானைக்குத்தான் வந்திருக்கிறது. அந்தப் பெண் அலறினாள். ஆட்கள் தடி எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். அவர்கள்மேல் நான் குற்றம் சொல்ல மாட்டேன். வாசலில் சிறுத்தை வந்து நின்றால் யார்தான் என்ன செய்வார்கள்?

"ஓடியிருக்கலாம்லம்மா?" என்றார் ராவுத்தர். "ஒரு அறை அறைஞ்சிருந்தா அத்தனை பேரும் தெறிச்சு ஓடியிருப்பானுங்க. லாரிக்காரனே ஆச்சரியமாச் சொல்றான். ஒண்ணும் பண்ணலையாம். மொத அடி விழுந்ததும் காதை மடக்கிக்கிட்டுப் படுத்துக்கிச்சாம். கடைசி வரைக்கும் அப்படியே படுத்திருந்துச்சாம்."

அவருக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். விசிறி அப்போதும் கிணற்றடி மாடத்தில்தான் இருந்தது. அதை எடுத்து அடுப்பில் வைத்தேன். பனையோலை உடனே பிடித்துக்கொண்டது. காம்பு எரிய வெகுநேரம் ஆயிற்று.